போர்வைக்குள் இருக்கும் கை

வணக்கம் நேயர்களே. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றக் கையில் ஒரு சிறு குழாயைச் செருகி, பிளாஸ்டர் ஒட்டுவார்கள். கனுலா என்போம். பலர் உள்ளே ஊசி இருப்பதாக எண்ணிக் கையை அசைக்கவே பயப்படுகிறார்கள். ஊசியை அப்போதே உருவிவிடுவோம். நரம்புக்குள், அதாவது இரத்தம் ஓடும் நாளத்துக்குள், இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான்.

முப்பது ஆண்டுகள் மலையகத்தில் தாதியாக இருந்தவள் நான். ஒரு மார்கழியில், கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் காய்ச்சலோடு வந்தார். விரல்களில் கறை ஏறியிருந்தது. குளிரில் நரம்பு அகப்படாமல், கடைசியில் வலது மணிக்கட்டில், மடங்குகிற இடத்திலேயே கனுலா போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் இரவுக் கடமைக்குப் போனபோது கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வார்டில் எல்லோரும் அப்படித்தானே கிடப்பார்கள். மருந்து ஏற்றுவதற்காக ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினேன். கனுலாவிலிருந்து முழங்கையை நோக்கி நாலு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. தொட்டால் கயிறு போல் தடித்திருந்தது, சுட்டது.

"ஏன் அம்மா சொல்லவில்லை?"

"ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும், மிஸ்."

பகலில் ஒரு மிஸ் சிங்களத்தில் ஏதோ கேட்டாராம். இவர் புரியாமல் தலையாட்டியிருக்கிறார். உடனே கழற்றினேன். காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போன பிறகும், அந்தக் கையால் கொழுந்து கிள்ள முடியாமல் இரண்டு வாரம் அவருக்குப் பேர் விழவில்லை, நாள் சம்பளம் இல்லை. பேர் விழாவிட்டால் அடுப்பு என்னவாகும் என்று தோட்டத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து நேரம் தவறாமல் ஏறியிருக்கிறது. கையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்று நாளானால் கனுலாவை மாற்றிவிட வேண்டும் என்று படித்தவர்கள் நாங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளர்களிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும், தேவை வந்தபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் நரம்பு அழற்சி, அந்த அம்மாவின் கையில் கண்டது போன்றது, ஏறத்தாழ ஒரே அளவு, 7 வீதம். ஆனால் தேவை வந்ததா என்று தெரிய வேண்டுமே! அதற்குக் கையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் கம்பளியை விலக்கிப் பாருங்கள், தங்கைமாரே. சிவப்பு, வீக்கம், சூடு. தமிழ் தெரியாதவர்கள் "வலிக்கிறதா" என்ற ஒரு சொல்லையாவது பழகிக்கொள்ளுங்கள். நரம்பு தெரியாத குளிர்ந்த கையை முதலில் சூடாக்குங்கள், முன்கையில் இடம் தேடுங்கள். மடங்குகிற இடம் வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் சேலைனால் குழாயைக் கழுவுவதையும், மூடியை ஸ்பிரிட்டால் தேய்த்துக் காயவிடுவதையும் விரிவாகச் சொல்ல வந்தேன், முடியவில்லை. நோயாளர்களுக்கு ஒன்று. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கையில் கனுலா இருந்தால் பஸ் ஏறாதீர்கள். வார்டுக்குத் திரும்பிப் போய்க் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய இடத்தைப் பஞ்சு வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வணக்கம்.