பத்துமலையில் ஒராங் ஊத்தான் பல்

[காட்சி: பத்துமலை அடிவாரம். குழுவினர் தலையில் ஹெட்லைட் மாட்டிக்கொள்கிறார்கள்.]

வணக்கம். 272 படி ஏறி முருகனைக் கும்பிடுகிறோமே, அதே மலையின் குகை ஒன்றில் ஒராங் ஊத்தான் என்ற மனிதக்குரங்கின் பற்கள் கிடைத்திருக்கின்றன. இன்று அது காட்டில் வாழ்வது சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டும்தான். ஆனால் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அது தொங்கித் திரிய இங்கே காடும் இருந்திருக்க வேண்டும்.

2013இல் வெளியான ஆய்வு பத்துமலை, பேராக் மாநிலக் குகை இரண்டிலும் சேர்த்து ஒன்பது பற்களைப் பதிவு செய்தது. தீபகற்ப மலேசியாவில் ஒராங் ஊத்தான் புதைபடிவம் கிடைத்தது அதுவே முதல் முறை.

[காட்சி: மலைப்பாறை]

கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல்தானே, சிப்பி, பவளம் இருக்குமே என்று புதியவர்கள் பாறையைத் தடவிப் பார்ப்பார்கள். அது அரிது. பூமிக்குள் வெந்து பெரும்பாலும் பளிங்காகிவிட்ட கல் இது, உருவங்கள் அழிந்துவிட்டன.

புதைபடிவம் தேடும் நாங்கள் பார்ப்பது குகைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்பு மண்கட்டியை. தண்ணீர் அடித்துவந்த மண்ணும் எலும்பும் சுண்ணாம்பு கலந்து இறுகியது.

[காட்சி: மாதிரிப் பல், மிக அருகில்]

சரி, ஏன் பல் மட்டும்? முள்ளம்பன்றிதான் காரணம். எலும்பைக் குகைக்கு இழுத்துவந்து கொறிக்கும். பல்லின் வேரைக்கூட விடாது. பல்லின் மேல்பூச்சான எனாமல் கடினமானது, அதனால் மேல்பகுதி தப்பிக்கிறது. வேர் இருந்த இடத்தில் இணையிணையாகக் கீறல் தெரிந்தால் அது முள்ளம்பன்றியின் வேலை. ஒராங் ஊத்தானின் கடைவாய்ப்பல் என்றால் மெல்லும் பரப்பு முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள், அப்போதுதான் தெரியும்.

[காட்சி: கேமரா, அளவுகோல்]

எங்கள் குழுவில் சுத்தியல், உளிக்கு இடமில்லை. அனுமதியில்லாத குகைக்குள் போவதுமில்லை. காரணம் இதுதான்: பல்லின் வயதைச் சொல்வது அதைச் சுற்றியுள்ள மண்ணும் சுண்ணாம்புப் படிவும். பெயர்த்தெடுத்து அலமாரியில் வைத்தால் அழகான ஒரு பல் மிஞ்சும். அது எந்தக் காலத்தது என்பது போய்விடும். எனக்கு அது பொறுக்காது.

அதனால் பல் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் பிடித்து ஒரு படம், தள்ளி நின்று சுவர் முழுதும் தெரிய இன்னொரு படம். அப்புறம் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ அனுப்பி, இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்.