தண்ணீர் ஊற்ற யார் வருகிறீர்கள்?

(திருகோணமலையில் சேவைக் கழகங்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால் பேசியபடியே தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை தாங்கும் கழகத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா, மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, விகாரையிலிருந்து வந்திருக்கும் தேரர் அவர்களே, மண்டபத்தை ஒரு சதம் வாங்காமல் தந்த அதிபர் அம்மா, முன்வரிசையில் இருக்கும் மூத்த உறுப்பினர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும், லயன்ஸின் இளைஞர் அணியான லியோ பிள்ளைகளே. நான்கு சமயத்துப் பெரியவர்களும் ஒரே மேசையில் இருப்பது நம் ஊருக்குப் புதிதல்ல, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மனம் நிறைகிறது. அதிபர் அம்மாவுக்கு இன்னொரு தடவை நன்றி, ஒலிபெருக்கியும் அவர் தந்ததுதான்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். இந்தக் கழகங்கள் எப்படித் தொடங்கின, நம் கடலுக்கு என்ன செய்யலாம், இளைஞர்களை எப்படிச் சேர்ப்பது.

எங்கள் அப்பு எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற அர்த்தத்தில்தான் எல்லோரும் சொல்வார்கள். என் காதில் அது வேறு மாதிரி விழும். வைத்தவன் நீதானே, அப்போ ஊற்ற வேண்டியவனும் நீதானே என்று.

1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு ரோட்டரியைத் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து அவர்கள் எடுத்த முதல் பொதுவேலை என்ன தெரியுமா, நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை. சிலையுமில்லை, வளைவுமில்லை. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் லயன்ஸைத் தொடங்கினார். 1925இல், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெலர் லயன்ஸ்காரர்கள் முன்னால் வந்து பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டார், இன்றுவரை கண் சிகிச்சை முகாம் என்றால் லயன்ஸ் ஞாபகம்தான் வருகிறது. ரோட்டரி 1985இல் போலியோவைக் கையில் எடுத்தது, இன்னும் விடவில்லை. நம் நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். தண்ணீர் ஊற்றுவது என்றால் இதுதான்.

நாங்கள் எப்படி ஊற்றினோம் என்று சொல்கிறேன், கேளுங்கள். சில வருடத்துக்கு முன்னால், ஜூன் 5, சுற்றாடல் தினம். கோட்டைப் பக்கம் போகும் பாதையோரம் நூறு கன்று வைத்தோம். வேம்பு, மருது, புங்கை. பெனர் கட்டி, ரீசேர்ட் அடித்து, குளிர்பானம் கொடுத்து, பிரமுகர் ஒருவர் வர இரண்டு மணி நேரம் பிந்தி, பத்தரை மணி வெயிலில் பிள்ளைகள் வரிசையில் நின்று வாடிப்போனார்கள், கன்றுகளும் வாடிப்போயின. ஜூன் மாதம் திருகோணமலையில் என்ன காலம்? வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். தெற்கில் மழை பெய்கிற மாதத்தில் எடுத்த படத்தைப் பார்த்து நாங்கள் இங்கே நட்டிருக்கிறோம்! ஆடி முடியும்போது போய்ப் பார்த்தால் நூறு குச்சி நிற்கிறது. நூறு இல்லை, தொண்ணூற்றொன்பது. ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு அக்கா தேநீர்க் கடை வைத்திருந்தார். கோப்பை கழுவிய தண்ணீரை ஒவ்வொரு நாளும் அந்த வேம்படியில் ஊற்றியிருக்கிறார். ஏன் அக்கா ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "ஊத்தாம விட்டா சாகும் தம்பி" என்றார். அவர் எந்தக் கழகத்திலும் உறுப்பினர் இல்லை. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த ரீசேர்ட்டை மடித்து உள்ளே வைத்தவன், இன்றுவரை போடவில்லை.

அந்த வேம்பு இப்போது நல்ல நிழல். மத்தியானத்தில் அதன் கீழ் மான்கள் படுத்துக்கிடக்கும். நான் இன்று உண்மையில் பேச வந்தது அவற்றைப் பற்றித்தான்.

நடு ஊரில், பஸ் நிலையத்தடியில், கடைத்தெருவில் புள்ளிமான் நடந்து திரிகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? வெளியூர்க்காரர் படம் எடுக்கிறார்கள், நாங்கள் பழகிப்போய்ப் பார்ப்பதே இல்லை. அவை என்ன தின்கின்றன என்று பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுப் போடுகிற பை. சோறு கட்டுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டை 2017இல் தடை செய்தாகிவிட்டது, சொப்பிங் பேக் இன்னும் பறக்கிறது. குழம்பும் உப்பும் பட்ட பையை மான் அப்படியே விழுங்குகிறது. அசைபோடுகிற பிராணி அது. பொலித்தீன் முதல் இரைப்பையில் போய்த் திரண்டு நிற்கும், செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் மான் மேயாது. பசியே தெரியாமல் பட்டினியில் சாகிறது. அந்த வேம்படியில் படுத்த பெட்டைமான் ஒன்று ஒரு நாள் எழும்பவில்லை. மிருக வைத்தியர் வயிற்றைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முறுக்கிய கயிறு மாதிரி ஒரு திரள். அதில் ஒரு பையில் கடையின் பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

கடலைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அங்கே போகிறவர்கள் பவளப்பாறையில் காலூன்றாதீர்கள், அது உயிர். மானுக்குத் தப்பிய பை காற்றில் கடலுக்குத்தான் போகிறது, அங்கே ஆமை அதைச் சொறிமுட்டை, அதாவது ஜெல்லி மீன், என்று நினைத்துத் தின்கிறது. ஆகவே கோட்டைப் பாதையில் குனிந்து எடுக்கிற ஒரு பை கடலுக்கும் செய்கிற வேலைதான்.

சரி, நான் கேட்பது இதுதான். வருடத்தில் ஒரு நாள் ஐந்நூறு பேர் வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்குப் பத்துப் பேர் வாருங்கள். இங்கே நான்கு கழகம் இருக்கிறது, மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் ஒரு கழகத்துக்கு. கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். பிரதேச செயலாளர் அவர்கள் மூடி போட்ட குப்பைத்தொட்டிகளுக்கு ஒரு வழி செய்து தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். மானால் திறக்க முடியாத மூடி. மரமும் நடுவோம், கார்த்திகையில் நடுவோம், வைத்தவர் பெயரோடு தண்ணீர் ஊற்றுகிறவர் பெயரையும் எழுதி நடுவோம். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், அப்பு சொன்னது.

வாசலில் மேசைமேல் ஒரு கொப்பி இருக்கிறது. பெயரும், வரக்கூடிய சனிக்கிழமையும் எழுதுங்கள். இளைஞர்களை எப்படிச் சேர்ப்பது என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா, இப்படித்தான்: லியோ பிள்ளைகள் முதலில் போங்கள், நீங்கள்தான் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். நன்றி, வணக்கம்.