அம்மா ஜெயிக்கிற வீடியோ கேம்

எல்லாருக்கும் வணக்கம். வீடியோ கேம் பத்திப் பேசணும்னு கூப்பிட்டப்போ "ஐயோ நான் அப்படி ஒண்ணும் பெரிய கேமர் இல்லீங்களே"ன்னு சொன்னேன், அதனாலதான் கூப்பிடுறோம்னு சொல்லிட்டாங்க. சரி, வந்துட்டேன். ராத்திரி முழுக்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஆடுற ஆள் இல்ல நான். சொந்தக்காரங்க வந்தா, லீவு விட்டா, மழை பிடிச்சுக்கிட்டா அப்போ எடுத்து ஆடுறதோட சரி. எங்க வீட்ல இருக்கிறது நின்டெண்டோ வீ. 2006 நவம்பர்ல வெளிவந்த கன்சோல், அதாவது டிவியில மாட்டி கேம் ஆடற பெட்டி, இப்போ இருக்கற பசங்களுக்கு அது தாத்தா காலத்துப் பெட்டி.

மத்த கன்சோலோட கன்ட்ரோலரை ஒரு தடவை கையில வாங்கிப் பாருங்க. ரெண்டு குச்சி, அம்புக்குறி, முன்னாடி நாலு பட்டன், பின்னாடி வேற நாலு, எதை அமுக்கினா எது குதிக்கும்னு தெரியவே ஒரு வாரம் ஆகும். எங்க அம்மா அதைத் தொடக்கூட மாட்டாங்க, "ஏதாவது அமுக்கி கெட்டுப்போச்சுன்னா என்னைத் திட்டாதே"ன்னு தள்ளி உக்காந்துடுவாங்க. வீ ரிமோட் அப்படி இல்ல, டிவி ரிமோட் மாதிரிதான் இருக்கும், ஒரு கையில பிடிச்சு வீசினா போதும். டென்னிஸ்னா மட்டையை வீசற மாதிரி, பௌலிங்னா, கிரிக்கெட் இல்ல, கட்டைங்களைச் சாய்க்கற ஆட்டம், பந்தை உருட்டற மாதிரி. சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கைக்கே தெரியும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா நிறைய பேர் டிவி மேல வைக்கிற அந்த நீளமான கறுப்புப் பட்டைதான் நம்மளைக் கவனிக்குதுன்னு நினைக்கறாங்க. பேரும் சென்சார் பார்னு வச்சுட்டாங்களா, அப்படித்தானே தோணும். ஆனா அது எதையுமே கவனிக்கறதில்ல! அதுக்குள்ள இருக்கறது நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடற சின்ன எல்இடி விளக்குங்க, இந்த ஓரம் கொஞ்சம் அந்த ஓரம் கொஞ்சம், அவ்ளோதான். கேமரா இருக்கறது நம்ம கையில இருக்கற ரிமோட்டோட முனையில, அது அந்த ரெண்டு வெளிச்சப் புள்ளியைப் பாத்து நாம திரையில எங்க காட்டறோம்னு கணக்குப் போட்டுக்கும். கை வீசறதைக் கண்டுபிடிக்கறது தனி, அதுக்கு ரிமோட்டுக்குள்ளயே ஆக்சிலரோமீட்டர்னு ஒரு சில்லு, கை எவ்வளவு வேகமா கிளம்புது எப்போ நிக்குதுன்னு அளக்கும்.

இப்போ டென்னிஸுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். பெட்டி கூடவே வந்த வீ ஸ்போர்ட்ஸ்ங்கற கேம்ல இருக்கற டென்னிஸ்ல நம்ம ஆளு தானாவே ஓடிப்போய் பந்துகிட்ட நிப்பான், நாம ஓட்ட வேண்டியதில்ல. நம்ம வேலை வீசறது மட்டும். சீக்கிரம் வீசினா பந்து ஒரு பக்கம் போகும், கொஞ்சம் லேட்டா வீசினா மறுபக்கம், ரொம்ப லேட்னா வெளிய. ஆக எல்லாமே டைமிங், பலத்துக்கு அங்க பெருசா மரியாதை கிடையாது. எங்க பையன் சோஃபாவைத் தள்ளிட்டு நடு ஹால்ல நின்னு தோள்பட்டை கழண்டுடற மாதிரி வீசுவான், அம்மா நாற்காலியில உக்காந்துக்கிட்டு, ஒரு கண்ணு அடுப்பு மேல, பந்து வரப்போ மணிக்கட்டை மட்டும் சுண்டுவாங்க. யாரு ஜெயிப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. "பாட்டி ஏமாத்தறாங்க"ன்னு அவன் கத்துவான், ஏமாத்தல்லாம் இல்லடா, அந்த மிஷினுக்கு தோள் தெரியாது, உன் கையில இருக்கற ரிமோட் அசையறது மட்டும்தான் தெரியும்.

பௌலிங்ல பின்னாடி இருக்கற பட்டனைப் பிடிச்சுக்கிட்டே கையை வீசி சரியான நேரத்துல விடணும். கையைப் பின்னாடி கொண்டுபோறப்பவே விட்டுட்டா பந்து பின்பக்கமா போய் விழும், அங்க நிக்கற பொம்மைங்க எல்லாம் துள்ளிக் குதிக்கும், அதைப் பாக்கறதுக்காகவே வேணும்னே தப்பா போடற ஆளுங்க எங்க வீட்ல உண்டு. அந்த பொம்மைங்களுக்கு மீ-ன்னு பேரு, மூக்கு கண்ணாடி மீசை எல்லாம் நாமளே வச்சு சொந்தக்காரங்க மூஞ்சியைச் செஞ்சுக்கலாம், சித்தப்பாவோட வழுக்கையை மட்டும் ரொம்ப சரியா கொண்டுவந்துட்டோம், அதுல அவருக்கு இன்னமும் வருத்தம்தான்.

எல்லாமே பிரமாதம்னு சொல்ல மாட்டேன். பாக்ஸிங் எனக்குப் பிடிக்கல, நாம ஒண்ணு குத்தினா அது வேற எப்பவோ குத்தும். கை திரும்பறதை அந்த பழைய ரிமோட் சரியா பிடிக்காது, அதுக்குன்னே 2009ல கைரோஸ்கோப், அதாவது திரும்பறதை அளக்கற சில்லு, வச்ச மோஷன்ப்ளஸ்னு ஒண்ணை மாட்டிக்கச் சொல்லி விட்டாங்க. படமும் அவ்வளவு துல்லியமா இருக்காது, 480பி தான், அதே சமயத்துல வந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 எல்லாம் ஹெச்டி. தீவிரமா ஆடறவங்க இதைப் பொம்மைன்னு கிண்டல் பண்ணாங்க. ஆனா அப்போ நின்டெண்டோ தலைவரா இருந்த சடோரு இவாட்டா அவங்களுக்காக மட்டும் இதைச் செய்யல, இதுவரைக்கும் கேமே ஆடாதவங்களை ஆட வைக்கணும்ங்கறதுதான் அவர் கணக்கு. பத்து கோடிக்கு மேல வித்துச்சு. எங்க அம்மா மாதிரி ஆளுங்களையும் சேத்துதான்.

ரிமோட்ல தொங்கற வாரைக் கையில மாட்டிக்கோங்கன்னு ஆட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் திரையில வரும், சலிப்பா இருந்தாலும் மாட்டிக்கோங்க. வெளிவந்த புதுசுல ஆவேசத்துல ரிமோட்டை விட்டு டிவியை உடைச்சவங்க இருந்தாங்க, அந்த வார் வேற அறுந்துபோச்சுன்னு 2006 டிசம்பர்லயே தடிமனான வார் மாத்திக் கொடுத்தாங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஆடினா "கொஞ்சம் ஓய்வு எடுக்கலாமே"ன்னு திறந்த ஜன்னல் படத்தோட ஒரு திரை வரும். தன்னை அணைச்சுட்டுப் போகச் சொல்ற கேமை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

இதை இப்போ புதுசா வாங்க முடியாது, வீ-யோட ஆன்லைன் கடையில கேம் வாங்கி டவுன்லோட் பண்ற வசதியையும் 2019 ஜனவரில மூடிட்டாங்க. பழசா கிடைச்சா வாங்கறப்போ ரிமோட்டைத் திறந்து பேட்டரி கசிஞ்சு துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க, டிஸ்க் சத்தம் போடாம சுத்துதான்னு பாருங்க. சென்சார் பார் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா அதுக்காக வேண்டாம்னு விட்டுடாதீங்க, அது வெறும் வெளிச்சம்தானே, டிவி முன்னாடி கொஞ்சம் இடைவெளி விட்டு ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்தி வச்சே ஆடிப் பாத்தவங்க இருக்காங்க, வேலை செய்யும். குழந்தைங்க இருக்கற வீட்ல மட்டும் தனியா பார் வாங்கிக்கோங்க. நன்றி, வணக்கம்.