பினாங்குப் பாசாரில் பேலியோ: பாதாமும் வேண்டாம், பட்டர் டீயும் வேண்டாம்

வணக்கம் மக்களே, பசியாறிவிட்டீர்களா? நான் இன்னும் இல்லை. பாசாரிலிருந்து இப்போதுதான் வந்தேன், பையை அப்படியே மேசை மேல் கொட்டி வைத்திருக்கிறேன், மீன் ஐஸோடு இருக்கிறது, கொஞ்ச நேரம் தாங்கும். பின்னால் காக்கா கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஜெலுத்தோங் பிளாட்டில் காலை நேரம் என்றால் அதுதான் பின்னணி இசை.

இன்றைக்குப் பேசப்போவது பேலியோ சாப்பாடு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நான் சோற்றை ஒதுக்கி வைத்ததைப் பார்த்ததிலிருந்து அத்தை, சித்தி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் ரத்தப் பரிசோதனைதான். அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி கட்டிப் பார்த்ததில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற அளவு, 6.0 என்று வந்தது. நம் நாட்டுக் கணக்கில் 5.7 முதல் 6.2 வரை எல்லைக்கோடு, 6.3 தொட்டால் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, என்று கார்டில் எழுதிவிடுவார்கள். எங்கள் அப்பாவுக்கு இனிப்புநீர், பெரியப்பாவுக்கு இனிப்புநீர், இதில் எங்கள் குடும்பத்தை மட்டும் சொல்லவும் முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் என்றார்கள், இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காடு, அதாவது மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. நம் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையை எண்ணிப் பார்த்தாலே தெரியும், இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா என்று தோன்றும்.

சரி, பேலியோ என்றால் என்ன? விவசாயம் வருவதற்கு முன்னால், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை மனிதர்கள் எதைச் சாப்பிட்டார்களோ அதைச் சாப்பிடு என்கிற யோசனை. மீன், இறைச்சி, முட்டை, காய், கீரை, பழம், கொட்டை வகை, கொஞ்சம் கிழங்கு. தானியம் கிடையாது, பருப்பு கிடையாது, பால் கிடையாது, சீனி கிடையாது. 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்று இரண்டு பேர் ஒரு பெரிய மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள், அப்புறம் 2000களின் தொடக்கத்தில் லோரன் கார்டெய்ன் என்கிற பேராசிரியர் இதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனார்.

அது கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தபோது வேறு உருவம் எடுத்துவிட்டது. காலையில் கைநிறைய பாதாம், பட்டர் டீ, மத்தியானம் பனீர், ராத்திரி மட்டன். பால், வெண்ணெய், பனீர் எல்லாம் மூலப் பேலியோவில் இல்லாத சரக்கு, ஆனால் சைவக்காரர்களும் பிழைக்க வேண்டுமே, சேர்த்துக்கொண்டார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு கலிபோர்னியா பாதாமும் நியூசிலாந்து வெண்ணெயும் வாங்கித்தான் ஆதிமனிதன் மாதிரி சாப்பிட வேண்டுமென்றால், அந்த ஆதிமனிதனுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆர்கானிக் கடைக்குள் போனால் இன்னும் மோசம், பேலியோ ரொட்டி, பேலியோ கேக், பேலியோ குக்கி என்று பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை விடச் சொன்னார்களோ அதையே பாதாம் மாவில் செய்து மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

நம் ஊர் ஆதிமனிதன் என்ன சாப்பிட்டான் என்று யாராவது கேட்டார்களா? பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறதே, 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், அங்கே ஒரு குகையில் 1990களின் தொடக்கத்தில் நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முழு எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்கள். பேராக் மனிதன் என்று பெயர், 10,000 ஆண்டுக்கு மேல் பழையது. கால்களை மடக்கிப் படுக்க வைத்துப் புதைத்திருக்கிறார்கள், பக்கத்தில் சாப்பாடும் வைத்திருக்கிறார்கள். என்ன தெரியுமா? விலங்கு எலும்பு, அதோடு நிறைய ஆற்று நத்தை ஓடு. இன்றைக்கும் கம்போங்கில் தேங்காய்ப் பாலில் சமைத்து உறிஞ்சிச் சாப்பிடுகிற சிப்புட் செடுட் மாதிரியானதுதான். இன்ஸ்டாகிராமில் பெரிய ஸ்டேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்த ஆட்களுக்கு இவரை அறிமுகப்படுத்தி வைக்க எனக்கு ரொம்ப ஆசை.

இன்னொன்றும் சொல்கிறேன். பாப்புவா நியூகினி பக்கம் கிதாவா என்று ஒரு சின்னத் தீவு. ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டாஃபன் லிண்டெபெரி என்கிற மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்தார். அந்த மக்கள் சாப்பிட்டது கிழங்கு, பழம், மீன், தேங்காய். மாவுச்சத்துதான் பெரும்பகுதி, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் என்று அவர் தேடிப் பார்த்ததில் அங்கே ஏறக்குறைய இல்லை. அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தச் சாப்பாட்டின் மேல் நம்பிக்கையே வந்தது, ஏனென்றால் கிழங்கு, மீன், தேங்காய் என்பது நம் பாசாரில் தினமும் கிடைப்பது.

இதோ பாருங்கள், கெம்போங் மீன். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். கண் இப்படிப் பளபளவென்று வெளியே தள்ளிக்கொண்டு இருக்க வேண்டும், குழிந்து வெள்ளையாகப் போயிருந்தால் வாங்காதீர்கள். செவுளைத் தூக்கினால் நல்ல சிவப்பு. வயிற்றை அமுக்கினால் விரல் பட்ட இடம் உடனே மேலே வர வேண்டும். ஒமேகா-3 கொழுப்பு நன்றாக உள்ள மீன், சால்மன் வாங்குகிற காசில் இதைப் பலமுறை வாங்கலாம். நான் மஞ்சளும் உப்பும் தடவி, வயிற்றில் கொஞ்சம் சம்பால் அடைத்து, வாழையிலையில் சுற்றி வாணலியில் போட்டுவிடுவேன். இலை ஓரம் கருகி அந்த வாசனை வருகிறபோது பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார்.

இது உலாம், பச்சையாகச் சாப்பிடுகிற இலைகள். இந்த வட்ட இலை பெகாகா, நம் வல்லாரைதான். இது உலாம் ராஜா, கிள்ளி மோந்து பார்த்தால் மாங்காய் வாசனை அடிக்கும். பச்சையாகவே சம்பால் பெலாச்சானில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான், சம்பாலில் சீனி மட்டும் போடாதீர்கள். கீரையைப் பச்சையாகச் சாப்பிடுவதா என்று நம் வீட்டில் முகம் சுளிப்பார்கள், மலாய்க்கார மக்சிக்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

அப்புறம் இது மரவள்ளி. எங்கள் பாட்டி இருந்தவரை இதை வீட்டுக்குள் விடமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் அரிசி இல்லாமல் மூன்று வேளையும் இதையே தின்று வளர்ந்தவர், "மனுசன் திங்கிறதா அது?" என்பார். இன்றைக்குப் பேலியோக்காரர்கள் இதன் மாவைப் பாக்கெட் போட்டு நல்ல விலைக்கு விற்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஒன்று கவனியுங்கள், பேலியோவில் அனுமதி உண்டு என்பதற்காகத் தட்டு நிறைய அவித்து வைத்துக்கொண்டால், இனிப்புநீர் எல்லையில் இருக்கிறவர்களுக்குச் சோற்றைவிட இது எந்த வகையிலும் உசத்தி இல்லை, மாவு மாவுதான். நான் இரண்டு துண்டோடு நிறுத்திவிடுவேன். ரொம்பச் சுத்தம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, பேராக் மனிதன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். மிளகாயையும் விடச் சொன்னால் இந்த விளையாட்டுக்கே நான் வரவில்லை.

வெளியே சாப்பிடுவது எப்படி என்பதுதான் பெரிய கேள்வி, பினாங்கில் இருந்துகொண்டு வெளியே சாப்பிடாமல் முடியுமா. நாசி கண்டார் கடையில் "அண்ணே, சோறு வேணாம், கறி மட்டும் போடுங்க" என்றேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு "என்ன தங்கச்சி, காய்ச்சலா?" என்றார். இப்போது பழகிவிட்டது, நான் வரிசையில் நிற்கும்போதே வெண்டைக்காய், முட்டைக்கோஸ், அவித்த முட்டை, மீன் துண்டு என்று எடுத்து வைத்துவிடுகிறார். குழம்பில் என்ன எண்ணெய், எவ்வளவு சீனி என்றெல்லாம் நான் விசாரிப்பதில்லை, மனிதர்களோடு சேர்ந்து சாப்பிடுவதும் வேண்டுமே. ஆனால் தண்ணி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன், தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர், அவ்வளவுதான். தே தாரிக்கில் டம்ளர் அடியில் கெட்டியாக இறங்குகிற அந்தக் கண்டென்ஸ்ட் மில்க்கை நின்று பார்த்திருக்கிறீர்களா? 2019 ஜூலையிலிருந்து டின் பானங்களுக்குச் சீனி வரி போட்டார்கள், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வரி, ஆனால் கடையில் இழுத்து ஆற்றிக் கொடுக்கிற டம்ளருக்கு எந்த வரியும் கிடையாது, அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பருப்புக்கு வருகிறேன். இந்த இடத்தில் நான் பேலியோ சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பருப்பில் லெக்டின் என்கிற புரதம் இருக்கிறது, சத்துகளை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிற ஃபைடேட் இருக்கிறது, அதனால் விஷம் என்கிறார்கள். ஊறவைத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் லெக்டினில் பெரும்பகுதி போய்விடும், ஃபைடேட்டும் குறையும். யாரும் துவரம்பருப்பைப் பச்சையாக மெல்வதில்லையே. வெள்ளிக்கிழமை, புரட்டாசி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற விரத நாள் என்று நம் வீட்டில் கவிச்சி இல்லாத நாட்கள் எத்தனை, அன்றைக்கு மீனும் இல்லை, முட்டையும் இல்லை, பருப்பும் இல்லை, தவ்பூவும் இல்லை என்றால் வெறும் பீர்க்கங்காயைத் தின்று படுக்க வேண்டியதுதான். அன்றைக்கு நான் கெட்டியாகப் பருப்பு வைத்து, கீரை போட்டு, சோறு ஒரு கரண்டி வைத்துச் சாப்பிடுவேன். ஆதிமனிதன் மாவு அரைத்ததே இல்லை என்று சொல்வதும் சரியில்லை, இத்தாலியில் 30,000 ஆண்டுப் பழைய அரைகல்லில் மாவுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்ததை 2010இல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பலன் கிடைத்ததா? எனக்கு இப்போது 5.7க்குக் கீழே வந்திருக்கிறது, பாவாடை நாடா தளர்ந்திருக்கிறது, மத்தியானத் தூக்கம் போய்விட்டது. இதற்குக் குகை மனிதனுக்கு நன்றி சொல்வதா, தே தாரிக்கையும் ரொட்டி சானாயையும் விட்டதற்கு நன்றி சொல்வதா என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான் என் ஓட்டு. ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற 70 பெண்களை இரண்டு ஆண்டு வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வந்தது, ஒரு பாதிக்குப் பேலியோ, இன்னொரு பாதிக்கு அங்கே வழக்கமாகச் சொல்கிற ஆரோக்கியச் சாப்பாடு. ஆறு மாதத்தில் பேலியோக்காரர்களுக்கு எடை நன்றாகவே அதிகம் குறைந்தது, இரண்டு ஆண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு மட்டும் இவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. அதனால் மாயம் மந்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீடித்துச் சாப்பிட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முக்கியமான விஷயம், இதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரையைக் குறைக்கிற கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், கை நடுங்கும், மயக்கம் வரும். முதலில் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் மீனும் இறைச்சியுமாகக் கூட்டுவதற்கு முன்னால் கட்டாயம் கேட்க வேண்டும். பாலை விடுகிறவர்கள் நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டாமா.

எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். விதை எண்ணெய் கூடாது என்பது பேலியோ விதி, நம் செம்பனை எண்ணெய் பழச் சதையிலிருந்து பிழிவது, அந்தக் கணக்கில் அது தப்பித்துக்கொள்கிறது, ஆனால் 2 வெள்ளி 50 காசுக்கு வாங்குகிற அந்தப் பாக்கெட் எண்ணெய் நன்றாகச் சுத்திகரித்ததுதான், அதனால் குறைவாக ஊற்றிக்கொள்கிறேன், பொரிப்பதை விட்டு அவிப்பதும் சுடுவதுமாகப் போய்விட்டதால் பாக்கெட் ஒன்று ரொம்ப நாள் வருகிறது. பாசாருக்குப் போனால் கடை கட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள், கீரையும் உலாமும் விலை இறங்கியிருக்கும். மீனுக்கு மட்டும் விடியற்காலையில் போக வேண்டும், அதில் பேரம் இல்லை.

சரி, ஐஸ் கரைய ஆரம்பித்துவிட்டது, நான் போய் மீனைக் கழுவுகிறேன். அடுத்த தடவை வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டைச் செய்து காட்டுகிறேன், மூன்று ஷிப்ட்டுக்கும் தாங்குகிற மாதிரி. பார்ப்போம் மக்களே.