முன்பக்கம் டொக் டொக்கென்று தட்டுகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "அண்ணே, முன்னாடி டொக் டொக்குன்னு தட்டுது, ஷாக் அப்சார்பர் போயிருச்சுன்னு நினைக்கிறேன்."

அந்தப் புகாரின் இரண்டாவது பாதியில்தான் எனக்கு வருத்தம். சத்தம் வருகிறது, சரி. அது ஷாக் அப்சார்பர்தான் என்று யார் முடிவு செய்தது? ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் வண்டி குழியில் இறங்கி ஏறிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடும், பக்கவாட்டில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய ஆள் வேறு. சத்தத்தைக் கண்டுபிடித்த பிறகு சாமான் வாங்குங்கள். இன்று இதைப் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் தம்பி ஒருவர் வந்தார். வெளியூரில் ஒரு கடையில் முன்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிவிட்டார்கள், நல்ல தொகை. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. மறுபடி போய்க் கேட்டதற்கு ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் ராக்கை மாற்றச் சொன்னார்களாம். மனம் நொந்து வந்திருந்தார்.

நான் வண்டியைத் தூக்கவில்லை. "நீங்க ஓட்டுங்க தம்பி, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்று ஏறிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கி, ஏசியையும் பாட்டையும் நிறுத்தினோம். உச்சிப்புளிப் பக்கம் ஒரு வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினோம். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறின, பெரிய சத்தம் இல்லை. அப்புறம் இடது சக்கரத்தை மட்டும் தார் ஓரத்திலிருந்து மண்ணில் இறக்கி மெதுவாக ஏற்றச் சொன்னேன். டொக், டொக், டொக். காலுக்கு அடியிலேயே கேட்டது.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் குறுக்கே, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அதன் வேலை. அதன் இரு முனைகளையும் சக்கரத்தின் பக்கம் சேர்ப்பது லிங்க் ராடு என்ற சின்னத் தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தத் தண்டுக்கு அதிக வேலை இல்லை. ஒன்று ஏற, ஒன்று இறங்க, அப்போதுதான் முழுப் பாரமும் அதன் மேல் விழும். தேய்ந்திருந்தால் அங்கேதான் தட்டும்.

திரும்பி வந்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினோம். சக்கரத்தை முழுதாகத் திருப்பி, கையை உள்ளே விட்டு லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினேன். கையிலேயே லொடலொடவென்று தெரிந்தது. ஆனாலும் அதோடு விடவில்லை. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, கம்பி எங்கும் இடிக்காமல் கட்டிவிட்டு, தெருமுனை வரை மிக மெதுவாக ஓட்டச் சொன்னேன். சத்தம் இல்லை. புதிது இரண்டு போட்டோம். ஷாக் அப்சார்பருக்கு அவர் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான் செலவு. லிங்க் ராடு இல்லாமல் வேகமாக ஓட்டக்கூடாது, வளைவில் வண்டி அதிகம் சாயும். சோதனைக்கு மட்டும்தான்.

இப்போது பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. அதன் இரும்பு இணைப்புகள் ஒவ்வொன்றிலும் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக இறங்கி ஏறும். அங்கே 'டங்' என்று அடித்தால் ஷாக்கின் மேல் முனையில் இருக்கும் ரப்பர் மவுண்டையும் சக்கரத்தை அடியில் வண்டியோடு சேர்க்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். தயவுசெய்து பாலத்தில் நிறுத்திப் பார்க்காதீர்கள், கரை சேர்ந்த பிறகு பாருங்கள்.

வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் அதுவும் மவுண்டுதான், அல்லது ஸ்பிரிங்கின் அடி வளையம் உடைந்திருக்கும். ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தடவை தட்டினால் லோயர் ஆர்ம் புஷ். தட்டும்போதே பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடையும் அதை அழுத்தும் காலிப்பரையும் முதலில் பாருங்கள்.

நம் கரையில் இவையெல்லாம் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் உண்டு. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை 2017-இல் திறந்த பிறகு எல்லோரும் காரிலேயே முனைக்குப் போய் வருகிறோம். இரண்டு பக்கமும் கடல், சாலையில் மணல். மீன் வண்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் வேறு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் துரு நிற்காது. லோயர் ஆர்மையும் சக்கரத்தின் பக்கத்தையும் சேர்க்கும் உருண்டை மூட்டு, அதாவது பால் ஜாயிண்ட், அதன் ரப்பர் உறை ஒரு சின்னக் கீறல் விட்டாலும் மணலும் உப்பும் உள்ளே போய் கிரீஸைத் தின்றுவிடும். தனுஷ்கோடி போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே மட்டும் பளபளவென்று துடைத்துப் பயனில்லை.

புஷ் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, இதைச் சொல்லாமல் போகமாட்டேன். லோயர் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுதியாக முறுக்காதீர்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் நின்ற பிறகு முறுக்குங்கள். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழியும். "புது புஷ் போட்டும் தட்டுதே" என்று வருகிற பல வண்டிகளில் நடந்தது இதுதான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். முழுதாக வளைத்து ஓட்டும்போது மட்டும் கடகடவென்றால் அதன் வெளி ஜாயிண்ட். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடு எண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பால் ஜாயிண்ட் ஆடினால் அந்த வண்டியை ராமநாதபுரம் வரைகூட ஓட்டாதீர்கள். கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள். வணக்கம்.