கணக்கு ஆபீசில் ஒரு தியான அறை

வணக்கம், வாருங்கள். கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முட்டுக்கொடுத்திருப்பது ஒரு பழைய பில் புத்தகம். மார்ச் மாதத்தின் கடைசி வாரம் இது. பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவளுக்கு இந்த வாரம் எப்படிப் போகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "இந்த நெருக்கடியில் தியானம் பற்றி வீடியோவா, உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று என் அக்காவே கேட்டாள். வேலை இருக்கிறது, அக்கா. வேலை தலைக்கு மேல் இருக்கிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

தியானம் என்றதும் பலருக்குத் தாடியும் காவியும் மலைக்குகையும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருபவர் ஒரு கணக்கு அதிகாரி. பெயர் ஊ பா கின். பர்மாக்காரர், 1899-இல் ரங்கூனில் பிறந்தவர். கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாகத் தேர்வு எழுதி மேலே வந்தார். 1937-இல் அவருக்கு ஒருவர் மூச்சைக் கவனிக்கிற ஆனாபானா பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். பிடித்துப்போனது. அடுத்த சில நாள்களிலேயே, அந்தப் பயிற்சியின் ஆசிரியரைத் தேடி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிராமத்துக்குப் போனார். அந்த ஆசிரியர் சயா தெட்ஜி துறவி இல்லை, நெல் விளைவித்த விவசாயி. இந்த வரிசையைக் கவனியுங்கள்: வயலில் நின்றவர் சொல்லிக்கொடுக்கிறார், பேரேடு எழுதுகிறவர் கற்றுக்கொள்கிறார்.

1948-இல் பர்மா விடுதலை அடைந்தபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார் ஊ பா கின். புதிய நாடு, குழம்பிக் கிடக்கிற கருவூலம், மேசை நிறையக் கோப்புகள். அந்த அலுவலகத்திலேயே தியானத்துக்கு ஓர் அறை ஒதுக்கி, விருப்பப்பட்ட ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1952-இல் ரங்கூனில் தனியாக ஒரு தியான மையமும் தொடங்கினார். ஆனாலும் வேலையை விடவில்லை. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைக் கவனித்துக்கொண்டு, 1967 வரை அரசுப் பணியில் இருந்தார். 1955-இல் அவரிடம் கற்க வந்தவர்களில் ஒருவர் மண்டலேயில் பிறந்த வியாபாரி, எஸ்.என். கோயங்கா. தீராத ஒற்றைத் தலைவலியோடு வந்தவர் அவர். விபாசனா என்கிற இந்தத் தியான முறையை 1969-இல் அவர்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். மகாராஷ்டிராவின் இகத்புரியில் இருக்கிற பெரிய மையமும், சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கிற மையமும் அந்த வழியில் வந்தவை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "வேலை எல்லாம் முடியட்டும், ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிற பேச்சு எனக்குச் சலித்துவிட்டது. மார்ச் முடிந்தால் ஏப்ரல் வரும், ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வரும், அதற்குப் பின்னால் ஆடிட்டர் வருவார். எந்த மாதம் காலியாக இருக்கப்போகிறது?

சரி, வேலைக்கு வருவோம். பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று யாராவது முதல் நாளே சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பத்து நாள் விபாசனா முகாம் காலை 4 மணிக்குத் தொடங்குகிறது, பேச்சே கிடையாது, முதல் மூன்று நாளும் மூச்சை மட்டும்தான் பார்க்கச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான், கட்டணமும் இல்லை. ஆனால் அதற்கு லீவு கிடைக்க வேண்டும், வீட்டில் சமைக்க ஆள் வேண்டும். அந்த மரபுக்காரர்களே பத்து நிமிட ஆனாபானாவை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

எப்படிச் செய்வது? நாற்காலியில் உட்காருங்கள். ஆம், நாற்காலியில்தான். பத்மாசனம் வராவிட்டால் தியானம் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. பாதம் தரையில் படியட்டும், முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கின் நுனியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் காற்று உரசிப் போவதைக் கவனியுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், ஆழமாக்கவும் வேண்டாம். அது எப்படி வருகிறதோ அப்படியே வந்துபோகட்டும். மாத்திரை என்கிற கால அளவை எண்ணி மூச்சை நிறுத்துவது வேறு பயிற்சி. இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று திருமந்திரம் சொல்கிற கணக்கை மொபைலில் பார்த்துக்கொண்டு நீங்களாகவே முயலாதீர்கள். அதற்கு நேரில் ஓர் ஆசான் வேண்டும்.

மூச்சு பிடிபடவில்லை என்றால் எண்ணுங்கள். இது இன்றைக்கு யாரோ கண்டுபிடித்த உத்தி இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் தங்கி விசுத்திமக்கம் என்கிற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர் இதை விளக்கமாகச் சொல்கிறார். எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே நிற்கக்கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது என்பது அவர் வைத்த எல்லை. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைப் பற்றி அவரே ஓர் உரைநூலில் குறிப்பிடுகிறார், ஆகவே நமக்கு முற்றிலும் அயலார் இல்லை. கோயங்கா வழியில் எண்ணமாட்டார்கள். இரண்டில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

வாருங்கள், இப்போதே சேர்ந்து செய்துவிடுவோம். பத்தே பத்து மூச்சு. வண்டி ஓட்டிக்கொண்டு இதைக் கேட்கிறவர்கள் தயவுசெய்து கண்ணை மூடாதீர்கள், அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் தொடங்கலாம்.

[ஏறத்தாழ ஒரு நிமிடம் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில்.]

கேட்டதா குக்கர்? எத்தனை விசில் என்று எண்ணியவர்கள் கையைத் தூக்குங்கள். நான் எண்ணினேன். மூன்று. மூச்சு நாலில் நின்றுபோனது, திரும்ப ஒன்றிலிருந்து வந்தேன்.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். "எனக்கு மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது, எனக்கு இது வராது" என்று நாலாம் நாளே எழுந்து போய்விடுகிறார்கள். மனதைக் காலியாக வைத்திருப்பதுதான் தியானம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. மனம் ஓடத்தான் செய்யும். 2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர், 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் மொபைல் வழியாக "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். விழித்திருக்கிற நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம், செய்கிற வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்தது. அதனால் இது உங்கள் ஒருவரின் குறை இல்லை. பாங்க் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது வித்தியாசம் வந்தால் நாங்கள் பேனாவை வீசிவிட்டுப் போவதில்லை. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். மூச்சை விட்டுவிட்டோம் என்று தெரிகிற அந்த நொடி இருக்கிறதே, பயிற்சி அதுதான். பத்து நிமிடத்தில் நாற்பது முறை ஓடி நாற்பது முறை திரும்பினால், அன்றைக்கு நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

எப்போது செய்வது என்பது அடுத்த கேள்வி. கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்காதீர்கள், ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்ததும், ஸ்கூட்டரை ஆபீஸ் ஷெட்டில் நிறுத்தியதும், ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவியதும், இப்படி ஏதாவது ஒன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து, ஒரு புதிய செயல் எப்போது தானாக வரத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். அவர்களும் அன்றாடம் நடக்கிற ஒன்றோடுதான் புதியதைச் சேர்க்கச் சொன்னார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. "21 நாளில் பழக்கமாகிவிடும்" என்று சொல்கிறவர்களுக்கு இதை அனுப்புங்கள். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பது. சில ஆப்கள் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று அழுமூஞ்சிப் படம் காட்டும். அதைப் பார்த்துக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம், நீக்கிவிடுங்கள். இரண்டாயிரம் ரூபாய் மெத்தையும் வேண்டாம், புல்லாங்குழல் இசையும் வேண்டாம். மொபைலை ஏரோபிளேன் மோடில் போட்டு அலாரம் வைத்தால் தீர்ந்தது.

சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள், தூக்கம் வரும். கட்டிலில் உட்காராதீர்கள், நிச்சயம் தூக்கம் வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணை மூடினால் எல்லோருக்கும் அமைதிதான் வரும் என்று இல்லை. சிலருக்குப் படபடப்பு கூடும், பழைய பயங்கள் மேலே வரும். அப்படி வந்தால் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். தொடர்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். மனநலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள், தொடங்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தியானம் செய்கிறோம் என்று மாத்திரையை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு நம் ஊர்ப்பக்கத்தில் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. அதை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், தறித் தொழில் நடத்திக்கொண்டே இந்தப் பக்கம் வந்தவர். பொள்ளாச்சிக்குப் போகிறவர்கள் அவருடைய ஆழியாறு அறிவுத் திருக்கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முறை வேறு, மூச்சைப் பார்க்கிற வழி இல்லை. ஆனால் நாலு பேரோடு சேர்ந்து உட்காருவதில் ஒரு பிடிமானம் கிடைக்கும், அதை நான் மறுக்கமாட்டேன்.

முழங்கால், இடுப்பு வலி இருக்கிறவர்கள் நடந்துகொண்டே செய்வது எப்படி என்பது அடுத்த வீடியோவில். அதுவும் மார்ச் கணக்கை முடித்த பிறகுதான், இப்போதே கேட்டு எழுதாதீர்கள். நீங்கள் எந்த வேலையோடு இந்தப் பத்து நிமிடத்தைக் கட்டப்போகிறீர்கள் என்பதை மட்டும் கீழே எழுதிவிட்டுப் போங்கள். மில் ஷிஃப்டுக்காரர்கள் கட்டாயம் எழுதுங்கள், இரவு வேலைக்கு எந்த நேரம் ஒத்துவருகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும். வருகிறேன், வணக்கம்.