ஊர் அடங்கியது, அடுப்பு அடங்கவில்லை

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணிகளிலும் வாதாட வந்திருக்கும் தோழர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘கொரோனா ஊரடங்கில் வீடு ஓய்வெடுத்ததா, உழைத்ததா?’ என்பது தலைப்பு. உழைத்தது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு நாளை அழகாகப் படம்பிடித்துக் காட்டினார். அலாரம் இல்லை, பஸ் பிடிக்கும் ஓட்டம் இல்லை. காலை 9 மணிக்குத் தூர்தர்ஷனில் ராமாயணம், மத்தியானம் குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பாடு, சாயங்காலம் தாயக்கட்டை, அப்புறம் மொட்டை மாடிக் காற்று. “ஒன்றுமே நடக்காத நாள், அதுவே பெரிய வரம்” என்றார். கைதட்டலும் பலமாக விழுந்தது.

அந்த நாளை நான் மறுக்கவில்லை ஐயா. எங்கள் வீட்டிலும் தாயக்கட்டை உருண்டது. நான் கேட்பது ஒன்றுதான். ஒன்றும் நடக்காத நாள் தானாக அமைந்துவிடுமா? யாரோ ஒருவர் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பாடுபட்டால்தானே, மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்காமல் பொழுது போகும்!

2020 மார்ச் 24, மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. ஆபீஸ் பூட்டியாயிற்று, பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. பூட்டிய இடங்களில் நடந்த வேலை எங்கே போனது? ஆபீஸ் கேன்டீன் போட்ட மதியச் சாப்பாடு, பள்ளிக்கூடத்துச் சத்துணவு, முக்குக் கடையின் 11 மணி டீ, தள்ளுவண்டி பஜ்ஜி எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு அடுப்படிக்குள் வந்து இறங்கின. பாத்திரம் தேய்க்க வந்த அக்காவையும் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பல வீடுகளில் அந்த அக்காவின் சம்பளமும் அதோடு நின்றது. அவர் வீட்டில் அந்த மாதம் எப்படி உலை கொதித்தது என்பது தனியாக ஒரு பட்டிமன்றத்துக்கு உரிய விஷயம்.

கொரோனாவுக்கு முந்திய கணக்கைச் சொல்கிறேன். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயது முதல் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். ஈடுபட்ட பெண்கள் அதற்குக் கொடுத்த நேரம் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இது கேன்டீனும் பள்ளிக்கூடமும் திறந்திருந்தபோது! எல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகு இந்த நேரம் எந்தப் பக்கம் ஏறியிருக்கும் என்று தாய்மார்களைக் கேளுங்கள்.

பால் பாக்கெட் வந்தால் நேராகப் பாத்திரத்தில் ஊற்ற முடியுமா? சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். காய்கறிக்கு மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீர். கபசுரக் குடிநீரைக் கால் பங்காக வற்றும் வரை பக்கத்திலேயே நின்று காய்ச்ச வேண்டும், பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிக்கவும் வைக்க வேண்டும். ஏப்ரல் 5 முதல் கடை மதியம் 1 மணி வரைதான். 1 மணிக்கு மேல் உளுந்து தீர்ந்தால் மறுநாள் இட்லி கிடையாது.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, மதுரை, கோவையில் முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் கிடையாது. முந்தின நாள் கோயம்பேட்டில் கூட்டம் எப்படி அலைமோதியது என்று நாடே பார்த்தது. அந்த நான்கு நாளை எங்கள் அம்மா எப்படிக் கடத்தினார் தெரியுமா? வாடிப்போகும் கீரை முதல் நாள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இரண்டாம் நாள். தாங்கி நிற்கும் பீட்ரூட் மூன்றாம் நாள். நான்காம் நாள் கூடை காலி. சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் வறுத்து, புளியைக் கரைத்துவிட்டு, அப்பளம் சுட்டு வைத்தார். சாப்பிட்டவர்கள் எல்லோரும், “ஆகா, இன்னைக்கு வத்தக்குழம்பா!” என்று ரசித்துச் சாப்பிட்டார்கள். காய் தீர்ந்துபோனது ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார். எதிரணித் தலைவரே, உங்கள் ‘ஒன்றும் நடக்காத நாள்’ இப்படித்தான் சமைக்கப்பட்டது!

ஜூனில் ஆன்லைன் வகுப்பு வந்தபோது எத்தனையோ வீடுகளில் பிள்ளை கைக்குப் போனது அம்மாவின் போன்தான். அப்பாவின் போனில் ஆபீஸ் மீட்டிங். தன்னைப் பெற்றவள் ஊரில் எப்படி இருக்கிறாள் என்று கேட்க, பிள்ளை ஹோம்வொர்க் அனுப்பி முடிக்கும் வரை காத்திருந்தார்கள் ஐயா. ஊருக்குப் போக வேண்டுமென்றால் இ-பாஸ். குரலையாவது கேட்கலாமென்றால் அதற்கும் ராத்திரி ஆக வேண்டும்.

ஆண்கள் கை கொடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெங்காயம் உரித்த அப்பாக்கள் உண்டு, முதன்முதலாகத் தோசை வார்த்த அண்ணன்களும் உண்டு. அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். அவர்களும் அன்று உழைத்தவர்கள்தான், அதனால் அவர்கள் எங்கள் அணிச் சாட்சிகள்!

அடுத்து எதிரணியில் பேச வரும் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் தினமும் கடைசியாகத் தட்டில் சோறு போட்டுக்கொண்டது யார்? குடும்பம் வட்டமாக உட்கார்ந்தபோது அவர் எங்கே நின்றார்? அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஓய்வைப் பற்றி நடுவர் ஐயாவிடம் வாதாடட்டும். நன்றி, வணக்கம்.